தவசிங் கயிறு பிடிச்ச ஞாயிறு

தவசிங் கதைன்னு சொல்லி இன்னும் வாயை மூடல, அதுக்குள்ள முன்னால இருக்குற ரெண்டு பேரு சிரிப்பை எடுத்து வாயில வச்சுக்கிட்டாங்க. எனக்குத் தெரியிது. பிஷப்பு மாதிரி மூக்கால பேசுவான், டாக்டரு மாதிரி ஊசி போடுவான், அதெல்லாம் வரப்போகுதுன்னு நெனப்பு. அந்தா ஓரத்துல இருக்குற அக்கா, கொண்டல்முனைக் கோயில்னு காதுல விழுந்ததும் முக்காட்டை இழுத்து விட்டாச்சு. சாட்சி ஒண்ணு வரும், கடைசியில அற்புதம் நடக்கும், ஒரு ஸ்தோத்திரத்தைப் போட்டுட்டு எந்திரிச்சிரலாம்னு கணக்கு. சிரிக்க வந்தவங்களுக்கும் ஸ்தோத்திரத்துக்கு வந்தவங்களுக்கும் சேத்தே சொல்லிருதேன். அந்த ஞாயித்துக்கிழமை தவசிங் கோயில்ல உக்காந்து ஒரு ஆளைக் கொல்லுததுக்கு ஒத்திகை பாத்துக்கிட்டு இருந்தான். ஜெபப் புஸ்தகம் மடியில. பாட்டு வாயில. சுதி கூட பெசகல.

கொண்டல்முனை கோடைக்கு மட்டும் கண்ணு முழிக்கிற ஊரு. மத்த நாள்ல பூட்டுன பங்களாவும் மணலும்தான். ஏப்ரல் பொறந்தா பாளையங்கோட்டையில இருந்தும் நாகர்கோயில்ல இருந்தும் குடும்பம் குடும்பமா பெட்டி படுக்கையோட வந்து எறங்கும், கோயில் மணி அடிக்கும். கோயில்னா நம்ம ஊரு மாதிரி காரையும் சுண்ணாம்பும் கெடையாது. கட்டுன வெள்ளைக்காரத் துரைக்கு அவன் ஊரு ஞாபகம் வந்துட்டு. தேக்கைச் சின்னச் சின்னப் பலகையா அறுத்து, மீன் செதில் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா அடிச்சு, கூரை சுவரு எல்லாத்துக்கும் சட்டை போட்டு விட்டுட்டான். மர ஓட்டுக் கோயில்னு பேரு. உப்புக்காத்துக்கு அந்தச் சட்டை வருசா வருசம் கிழியும். கிழிஞ்சதை ஒட்டுப்போட கூலிக்கு ஆளு வைக்கக்கூடாது, அதுதான் அங்க மொறை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கூரையில ஒரு வரி உண்டு, அவங்கவங்க வரியை அவங்கவங்க ஏறி அடிக்கணும். ஏறுதவன் இடுப்புல கயிறு. கயிறு முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் எறங்கும், அங்க ஒருத்தன் தரையில நின்னு பிடிச்சுக்கிடுவான். பிடிக்கிறவன் சொந்தக்காரனா இருக்கக்கூடாது, வேற குடும்பத்து ஆளு. உன் உசுரை நான் பிடிக்கேன், அடுத்த வருசம் என் உசுரை நீ பிடி. அதுக்குத்தான் முத ஞாயித்துக்கிழமை ஐயரு, ஐயருன்னா எங்க பக்கத்துப் பாதிரியாருதான், கயித்துக்கு ஜெபம் பண்ணிக் குடுப்பாரு. மேல இருக்குறவன் முகம் பிடிக்கிறவனுக்குத் தெரியாது. நடுவுல முகடு. எல்லாம் சத்தத்துலதான். ‘தளத்து’ன்னா கொஞ்சம் விட்டுக் குடு. ‘இழு’ன்னா இழு. ‘விடு’ங்கிறது கால் தரையில பட்ட பொறவுதான் சொல்லணும், சொன்னா கயித்தைக் கீழ போட்டுட்டுச் சாப்பிடப் போயிரலாம்.

போன வருசம் தவசிங்கோட அண்ணன் ஏசுவடியான் மேல ஏறுனாரு. அவங்களோட மொறை மாத்துற குடும்பத்து ஹென்றி கீழ பிடிச்சான். அண்ணன் கடல் பக்கத்துச் சரிவுல இருக்கும்போதே ஹென்றி விட்டுட்டான். கீழ பாறை.

இப்ப முழங்கால்ல நிக்கச் சொல்லுதாரு ஐயரு, தவசிங் நிக்கான், முன் பெஞ்சுல ஹென்றி நிக்கான், நடுவுல ஒரு முழம் காத்து. ஹென்றியோட பொறங்கழுத்து. புதுசா முடி வெட்டிப் பவுடர் பூசியிருக்கான், பவுடருக்கு நடுவுல வேர்வை ஒரு கோடு போட்டு எறங்குது, அந்தக் கோடு சட்டைக் காலருக்குள்ள போயி ஒளியுது. இந்தக் கழுத்துக்கு உள்ள எத்தனை எலும்பு இருக்கும், ஒவ்வொண்ணா நெரிஞ்சா என்ன சத்தம் வரும், முருங்கைக்காய் ஒடிச்சாப்ல வருமா, நண்டுக் காலைக் கடிச்சாப்ல வருமா. எங்கள் பாவங்களைன்னு எல்லாரும் சொல்லுதாங்க, இவனும் சொல்லுதான், வாய் தன்னால சொல்லும், நாப்பது வருசப் பழக்கம். பெஞ்சுக்கு அடியில எல்லார் காலடியிலயும் சுத்தியல் கெடக்கு, இன்னைக்குச் சுத்தியலோட வாறதுதான் வழக்கம், ஒருபக்கம் தட்டை, ஒருபக்கம் கோடாலி நாக்கு. எடுத்து ஒரே போடு. ஆனா வேண்டாம். சுத்தியல் அவசரக்காரன் வேலை. நான் கடிகாரக் கடைக்காரன், எனக்கு அவசரம் ஆகாது, முள்ளு வந்து நிக்க வேண்டிய எடத்துல நிக்கும்போதுதான் மணி அடிக்கணும். இந்த வருசம் ஹென்றி குடும்பம் ஏறணும், எங்க குடும்பம் பிடிக்கணும். மொறை தானா வந்து கையில விழுந்துருக்கு. அவன் மேல, நான் கீழ. அவன் செஞ்சது அவனுக்கு. அவன் சொன்னதும் அவனுக்கு.

விழுந்தது கூட விழுந்ததுதான், ஆனா சொன்னது. போலீசு வந்து கேட்டப்ப, அப்ப இருந்த ஐயரு கேட்டப்ப, மதினி மாரடிச்சுக்கிட்டுக் கேட்டப்ப, அந்தப் பய ஒரே பேச்சுத்தான் பேசுனான். ‘அண்ணாச்சேதான் விடச் சொன்னாவ.’ எப்பிடிலே சொன்னாவ. ‘விடுலே, வயிறு காந்துது, அப்பிடின்னாவ.’ அதுதான் தவசிங் நெஞ்சுக்குள்ள கெடந்து கொளுத்துது. வயிறு காந்துதுங்கிறது எங்க அண்ணன் பேச்சு. பதினொரு மணி ஆச்சுன்னா எங்க அண்ணன் மட்டும்தான் அப்பிடிச் சொல்லுவாரு, பள்ளிக்கூடத்துல பெல்லடிக்க முன்னாடியே வாத்தியாரு வயிறு பெல்லடிச்சிரும்னு பிள்ளைங்க சிரிக்கும். ஆளையும் கொன்னு, செத்தவன் வாயில இருந்து பேச்சையும் திருடி, அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டான். சரிவுல தொங்கிக்கிட்டு நிக்கிற மனுசன் எவனாவது விடுன்னு சொல்லுவானா. அறிவு கெட்டவன் கூட சொல்ல மாட்டான். எங்க அண்ணன் ஹெட்மாஸ்டர்.

எந்திரிச்சாச்சு. பாட்டு. கடல் கீழ பாறையில வந்து வந்து மோதுது, கோயில் முழுக்க ஒரு அதிர்வு, மர ஓடு ஒண்ணோட ஒண்ணு உரசிப் பல்லைக் கடிக்குது. தவசிங் சொந்தக் குரலைக் கீழ எறக்குனான், தொண்டையில இன்னொரு கதவைத் தொறந்தான், ஹென்றி குரல்ல பாடுதான். ஹென்றிக்கு எப்பவும் சளி பிடிச்ச குரலு, அண்ணாச்சின்னு வராது, அண்ணாச்சேன்னு வரும், ரெண்டு வார்த்தைக்கு நடுவுல மூக்கை உறிஞ்சிக்கிடுவான். ரெண்டாம் சரணத்துல மூக்கு உறிஞ்சல் வந்துட்டு. மூணாம் சரணத்துல பக்கத்துல நின்ன வேதமுத்துப் பெரியவரு பாட்டை விட்டுட்டு ஹென்றி எங்க நிக்கான்னு முன்னாலயும் பின்னாலயும் தலையைத் திருப்புனாரு. போதும். ஒரு வருசமா பூட்டிக் கெடந்த தொண்டை, இம்புட்டு லேசா தொறந்துட்டு. அவன் கடல் பக்கத்துச் சரிவுக்குப் போன பொறவு, நான் முகத்தைச் சுவரு பக்கம் திருப்பிக்கிட்டு, ‘விடுங்க அண்ணாச்சே, எறங்கிட்டேன்.’ சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுப் பந்தல்ல உள்ளி வெங்காயம் உரிக்கிற பொம்பளையாளுக எல்லாருக்கும் கேக்கும். நாளைக்குப் போலீசு வந்தா அவளுகளே சொல்லுவாளுக, ஆமா, ஹென்றிதான் விடச் சொன்னான், எங்க காதால கேட்டோம். உன் பொய்யை உனக்கே கட்டி விடுதேன்லே, சாட்சியோட.

பிரசங்கம். ஐயரு காத்தைப் பத்திப் பேசுதாரு, மூணு வார்த்தைக்கு ஒருக்க கண்ணாடியைத் தூக்கி விடுதாரு, கடைசி எழுத்தை முழுங்கிருதாரு. தவசிங் கொலை பண்ணப் போற நேரத்துலயும் அதைக் கவனிச்சு உள்ள எடுத்து வச்சுக்கிட்டான், பழக்கம் விடுமா. இந்த வருசம் வந்து எறங்குன அன்னைக்கே எல்லாரும் கேட்டாச்சு, ‘அண்ணாச்சி, புது ஐயரைப் பிடிச்சிட்டியளா, பந்தல்ல ஒரு தடவை பண்ணிக் காட்டுங்க.’ காட்டல. தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லிட்டான். மதினி கேட்டப்பவும் வரல. கிறிஸ்துமஸ் முடிஞ்சு ஒரு நாள் மதியம், மதினி அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்தவ சொளகைக் கீழ வச்சிட்டு, ‘கொழுந்தனாரே, ஒண்ணு கேப்பேன், தப்பா எடுக்கக்கூடாது. ஏட்டி காப்பி எங்கன்னு அவுக மாதிரி ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க. நான் கண்ணை மூடிக்கிடுதேன்’ன்னா. கண்ணையும் மூடிட்டா. முந்தியெல்லாம் கொல்லைப்பக்கம் நின்னு அண்ணன் குரல்ல ஏட்டி காப்பின்னு ஒரு சத்தம் குடுத்தா டம்ளரு வந்துரும், குடிச்சிட்டு வச்சிருவான், பொறவு அண்ணன் வந்து என் காப்பியைக் குடிச்ச களவாணிப்பய யாருலேன்னு கத்துவாரு, மதினி மாவு கையோட நின்னு சிரிப்பா. கட்டுன பொண்டாட்டிக்கே வித்தியாசம் தெரியாது. அன்னைக்கு மதினி கண்ணை மூடிக்கிட்டு இருக்கா, இவன் வாயைத் தொறக்கான். அண்ணன் குரலு வாயில வாறதுக்கு முந்தியே வாந்தி வருது. மதினி கண்ணைத் தொறக்காமலே சொளகைத் தடவி எடுத்துக்கிட்டா. ஏன் வரல. பிஷப்பு வராம இருந்தா சரி, டாக்டரு வராம இருந்தா சரி. கூடப் பொறந்தவன் குரலு ஏன் வரல. துக்கம். துக்கந்தான், வேற என்ன இருக்கும்.

காணிக்கைப் பை வருது. ஹென்றி கையை நீட்டுதான், உள்ளங்கை. அந்தக் கை. தவசிங் அன்னைக்கு ஓடிப்போயி பாத்த மொத சாமான் அந்த உள்ளங்கைதான். கயிறு நழுவுனா கை தீஞ்சு போகும், தோலு உரிஞ்சு தொங்கும், கொண்டல்முனையில கயிறு பிடிச்ச எவன் கையைப் பாத்தாலும் தழும்பு இருக்கும். ஹென்றி கை குழந்தைப்பிள்ளை கை மாதிரி மழுமழுன்னு இருந்துச்சு. நழுவல. விட்டான். விட்டுட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் பந்தலைப் பாத்து நடந்துக்கிட்டு இருந்தான், சாப்பிட. கயித்து நுனி கூரை மேல சரசரன்னு ஏறி முகட்டுக்கு அந்தப் பக்கம் போனதை அவன் திரும்பிக் கூடப் பாக்கல. அந்தப் பக்கம் அண்ணன். தவசிங் ஓடுதான், பாறையில அண்ணன் படுத்துருக்காரு, படுக்கல, கொட்டிக் கெடக்காரு. ஒரு கால் இருக்க வேண்டிய பக்கத்துல இல்ல. ரத்தம் பாறையில ஓடி மணலுக்கு வந்ததும் காணாமப் போகுது, மணலு குடிக்குது, எம்புட்டு வந்தாலும் குடிக்குது. மேல இருந்து மர ஓடு ஒண்ணொண்ணா சறுக்கி வந்து இன்னும் விழுந்துக்கிட்டு இருக்கு, ஒண்ணு அண்ணன் வாய் மேல விழுந்துச்சு, எடுத்துப் போட்டான், வாய் தொறந்தே இருந்துச்சு. அந்த வாயா விடுன்னு சொல்லிச்சு. அந்த வாய் எதுவும் சொல்லலன்னு அடிச்சுச் சொல்லுததுக்கு இவன்கிட்ட ஆதாரம் இருக்கு. இவன் பக்கத்துலயேதான் நின்னான். கோயிலுக்குப் பின்னால பந்தலு, பந்தலுக்கும் ஹென்றிக்கும் நடுவுல சாமான் அறைச் சுவரு ஒண்ணு, ஆளு தெரியாது, ஆனா சத்தம் அப்பிடியே வரும். ஹென்றி தும்முனது இவனுக்குக் கேட்டுச்சு. ஹென்றி தும்முனது கேட்ட காதுக்கு அண்ணன் ‘விடு’ன்னது கேக்காதா.

அதை விட மாட்டான் தவசிங். ராத்திரி பகல்னு இல்லாம அந்த ஒரு ஆணியைத்தான் திரும்பத் திரும்ப அடிக்கான். எல்லாச் சத்தமும் ஞாபகம் இருக்கு. உள்ளி உரிக்கிற சொளகு சத்தம். அசன விருந்துக்கு அண்டாவை உருட்டுன சத்தம். பொம்பளையாளுக அஞ்சு பேரு, இவன் நடுவுல நிக்கான், தோள்ல துண்டைப் போட்டுப் பிஷப்பைப் பண்ணுதான், மூக்கால ஆசீர்வாதம். சிரிப்பு. டாக்டரைப் பண்ணுதான், ‘வலிக்காது வலிக்காது’ன்னு சொல்லிட்டு இவனே ஆன்னு கத்துதான். சிரிப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் ஹென்றி தும்முதான். மேல டொக் டொக்குன்னு அண்ணன் சுத்தியல். ரெத்தினபாய் சொல்லுதா, இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு. சரின்னு தொண்டையைச் செருமிக்கிட்டு. அப்புறம். அப்புறம் யாரைப் பண்ணான். ரெத்தினபாய் முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டுச் சிரிக்கா, உள்ளியா சிரிப்பான்னு தெரியல, எல்லாத்தையும் விடப் பெரிய சிரிப்பு அதுதான், ரெண்டு பேரு தரையைத் தட்டுதாளுக. யாருக்கு அம்புட்டுச் சிரிப்பு. மாமாவைப் பண்ணேனா. பால்காரனையா. சிரிப்பு இருக்கு, முகம் இல்ல. பொறவு டொக் டொக் நின்னுச்சு. பொறவு அந்தச் சத்தம், நனைஞ்ச மூட்டையைத் தூக்கிப் போட்டாப்ல. என்ன பெரிய விசயம், யாரையோ பண்ணேன், விடு. கெடந்துட்டுப் போகுது.

ரெத்தினபாய் பொம்பளையாளுக பக்கத்துல இருந்து திரும்பிப் பாக்கா. மணியடிக்கிறவரு பொண்டாட்டி, ஓட்டை வாய், ஊருல யாரு வீட்டுல என்ன கொழம்புன்னு கொதிக்கிறதுக்கு முந்தியே அவ வாயில வந்துரும். அவ இந்த வருசம் தவசிங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. வந்து எறங்குன அன்னைக்குத் தண்ணிக் கொடத்தோட எதுக்க வந்தா, பாத்தா, வாயைத் தொறந்தா, மூடிக்கிட்டுக் கொடத்தை இடுப்பு மாத்திட்டுப் போயிட்டா. இரக்கப்படுதா போல. அண்ணனைப் பறிகுடுத்தவன் முகத்தைப் பாக்க அவளுக்கே வாய் வரல. இப்பவும் ஓலை விசிறியை வீசாம கையில வச்சுக்கிட்டு இவனையே பாக்கா. பாத்துக்கோ. நீதான் நல்ல சாட்சி. உன் காதுலதான் மொதல்ல போடணும்.

ஆசீர்வாதம் முடிஞ்சு எல்லாரும் வெளிய வந்தாச்சு. வெயிலு கண்ணைக் குத்துது. கடலு மோதி மோதிப் பாறை நடுவுல நொரையைக் கக்குது. ஐயரு கயித்து மேல கை வச்சு ஜெபம் பண்ணுனாரு, கண்ணாடியைத் தூக்கி விட்டாரு, கடைசி எழுத்தை முழுங்குனாரு. ஹென்றி கயித்தை இடுப்புல கட்டிக்கிட்டு மத்த நுனியை எடுத்துட்டு நேரா தவசிங்கிட்ட வந்தான்.

‘அண்ணாச்சே, பிடிக்க மாட்டேன்னு சொல்லிருவியளோன்னு நெனச்சேன்.’

‘மொறை இருக்குல்லா.’

‘எங்க வீட்டுல அழுதா. போகாதீயன்னு. நான்தான் சொன்னேன், அவுக கையில குடுக்காம வேற யாரு கையில குடுப்பேன்னு.’ மூக்கை உறிஞ்சுனான். ‘நான் காதால கேட்டதைத்தான் சொன்னேன். நீங்க நம்பலைன்னு தெரியும். இன்னமும் அதேதான் சொல்லுவேன்.’

‘ஏறு.’

‘விடுன்னு சொன்னா இனிமே ரெண்டு தடவை கேட்டுட்டு விடணும்னு ஒரு மொறை வைக்கச் சொல்லி ஐயருகிட்ட சொல்லியிருக்கேன்.’

‘அடுத்த வருசம் வைப்போம். ஏறுலே.’

ஏறிட்டான். ஏணி முடிஞ்சு, கூரை மேல நாலு காலுல ஊந்து, முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிட்டான். கயிறு மட்டும் இருக்கு. தவசிங் கையில ஹென்றி மூச்சு வாங்குறது கூட தெரியிது, தூண்டில்ல மீன் தட்டுனாப்ல சின்னச் சின்னதா. ‘தளத்துங்க.’ தளத்துனான். ‘இழுங்க.’ இழுத்தான். டொக் டொக். ஒரு ஆளோட பாரம் இம்புட்டுத்தானா, ரெண்டு கொடம் தண்ணி. எங்க அண்ணன் இன்னும் கனம். சுவருக்கு அந்தப் பக்கம் சொளகு சத்தம், உள்ளி வாசம் மூக்குல ஏறுது, எவளோ என்னமோ சொல்லுதா, எவளோ சிரிக்கா, அந்தச் சிரிப்பு உள்ள எங்கேயோ போயி ஒரு கதவைத் தட்டுது, போன வருசத்துச் சிரிப்பு, யாரைப் பண்ணேன், யாரை. போ அங்கிட்டு. இப்ப அதுக்கு நேரமில்ல. டொக் டொக் தள்ளிப் போகுது, கீழ போகுது, சரிவோட ஓரத்துக்குப் போயிட்டான், அங்கதான் அண்ணனும் நின்னாரு. முள்ளு நிக்க வேண்டிய எடத்துக்கு வந்துட்டு. ஒரு அலை மோதி முடியட்டும். அடுத்த அலை வாறதுக்கு முந்தி ஒரு அமைதி வரும், அந்த எடைவெளியில போடணும், அப்பத்தான் பந்தலுக்குச் சுத்தமா கேக்கும். மோதிச்சு. வடிஞ்சுது. இப்ப. முகத்தைச் சுவரு பக்கம் திருப்புனான், தொண்டையைச் செருமுனான், மூக்கை உறிஞ்சுனான்.

‘விடுங்க அண்ணாச்சே, எறங்கிட்டேன்.’

அச்சு அசல் ஹென்றி. பந்தல்ல பேச்சு அப்பிடியே நின்னு போச்சு. இவன் விரலு ஒண்ணு கயித்துல இருந்து எந்திரிச்சுது, ரெண்டாவது எந்திரிச்சுது. அப்பத்தான் முதுகுக்குப் பின்னால சொளகு கீழ விழுந்து உள்ளியெல்லாம் சிதறி உருண்டு இவன் காலடிக்கு வந்துச்சு. உரிச்ச உள்ளியைக் கழுவ எடுத்துட்டு வந்த ரெத்தினபாய் எப்ப அங்க வந்து நின்னாளோ இவனுக்குத் தெரியாது. ஒரு வருசம் மூடி வச்சிருந்த வாய்.

‘இந்த வருசமுமா அண்ணாச்சி? போன வருசம் இதே மாதிரி தொண்டையைச் செருமிக்கிட்டு, உங்க அண்ணன் குரல்ல, விடுலே வயிறு காந்துதுன்னு பந்தல்ல நின்னு சொன்னது நீங்கதான? நாங்க அஞ்சு பேரும் தரையைத் தட்டித் தட்டிச் சிரிச்சோம். அந்தப் பய அதைக் கேட்டுத்தான் விட்டான். கயித்தைப் பிடிங்க.’